பத்திரப்படுத்திய கண்

நெவில் டரன்டுக்கு இரண்டு கண்கள். இடது கண் பகலுக்கு, வலது கண் இரவுக்கு. செப்டிக் டேங்க் லாரியை விற்றுவிட்டு ஓய்வெடுத்த நாளிலிருந்து, காலையில் பல் துலக்கியதும் வலது கண்ணின்மேல் ஒரு கறுப்புத் துணியைக் கட்டிக்கொள்வார். பொழுது சாய்ந்து முழு இருட்டு வந்த பிறகுதான் அவிழ்ப்பார். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத்தான் நெபுலாக்கள் என்கிற மங்கலான விண்வெளிப் புகைமேகங்கள் தெரியும். வெளிச்சம் பட்டால் அந்தப் பழக்கம் ஒரு நொடியில் போய்விடும், திரும்பி வர அரைமணி ஆகும். அதெல்லாம் உண்மைதான். எங்கள் முரண்டா வான்நோக்கர் கழகத்தில் எல்லோரும் அந்த அரைமணியைப் பொறுத்துக்கொள்வோம். அதை நாள் முழுவதற்கும் நீட்டியவர் நெவில் ஒருவர்தான்.

"கண்ணு ரெண்டுதான் இருக்கு மர்ஃப். ஒண்ணையாவது மிச்சம் பிடிக்க வேண்டாமா?" என்பார்.

மர்ஃப் என்பது நான். மூர்த்தி என்று சொல்லித்தான் ஆஸ்திரேலியாவின் இந்தச் சின்ன ஊருக்கு வந்தேன். இறைச்சிக்கடை க்ளைவ் முதல் நாளே அதை வெட்டிச் சுருக்கிவிட்டார். இருபத்திரண்டு வருடமாக முரண்டாவின் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடை என்னுடையது. ஊர்ப் பெயருக்கும் நம் முரண்டு என்ற சொல்லுக்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். இங்கே இருபத்திரண்டு வருடம் கண் சோதித்தவன் நான், அதை நம்பத் தயாராக இல்லை.

என்னிடம் கண் காட்ட வருகிறவர்களின் கதையை நான் வெளியே சொல்லக் கூடாது. ஆனால் நெவிலே மைக்கைப் பிடித்து எண்பது பேர் முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டதால் எனக்கு இனி அந்தக் கவலை இல்லை.

அவர் வீட்டுப் பின்கட்டில், துணி காயப்போடும் சுழல்கம்பிக்குப் பக்கத்தில், பதினாறு அங்குலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி நிற்கிறது. ஒட்டுப்பலகையை அறுத்து அவரே செய்தது. அதன் உச்சியை எட்டிப் பார்க்க ஒரு சின்ன ஏணி. தெருவிளக்கு கண்ணில் படாமலிருக்கத் தலையோடு போர்த்திக்கொள்ள ஒரு கறுப்புத் துணி. அந்தத் துணி அவர் மனைவி ரேலீனின் பழைய பாவாடை. இடுப்பு நாடா அப்படியே இருக்கிறது. பாவாடைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஏணிமேல் நிற்கும் அந்தப் பெரிய உடம்பைப் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் முறை பார்த்தபோது போலீஸுக்குப் போன் செய்துவிட்டார்கள். வந்த போலீஸ்காரர் அரைமணி நேரம் வரிசையில் நின்று சனிக்கிரகம் பார்த்துவிட்டுப் போனார்.

ரேலீன் பட்ட பாடு தனி. பொழுது சாய்ந்தால் வீட்டில் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்காத சிவப்பு விளக்கு மட்டும்தான். சிவப்பு வெளிச்சத்தில் தக்காளி சாஸும் கஸ்டர்டும் ஒரே நிறம். ஒரு கிறிஸ்துமஸ் இரவில் புட்டிங்கின் மேல் எதை ஊற்றினார் என்பதை அவர் தங்கை குடும்பம் இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவும் எதற்கு? கழகத்தின் 'மங்கல் நூறு' என்ற பட்டியலுக்கு. தெற்கு வானத்தில் இருக்கிற மிக மங்கலான நூறு நெபுலாக்கள். படத்தில் பார்த்தால் ரோஜாப்பூ, பட்டாம்பூச்சி என்று இருக்கும். கண்ணால் பார்த்தால் கண்ணாடிமேல் யாரோ மூச்சு விட்ட மாதிரி இருக்கும், அதுவும் இருந்தால். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், சற்று ஓரமாகப் பார்க்க வேண்டும். பார்த்ததை அங்கேயே பென்சிலால் வரைய வேண்டும். அதுவரை அதன் புகைப்படத்தைப் பார்த்திருக்கக் கூடாது. கூட இன்னொரு உறுப்பினரும் பார்த்துத் தனியாக வரைய வேண்டும். இரண்டு படத்தையும் எங்கள் செயலாளர் பெரில் குவின்லன் ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்றால்தான் கணக்கு. பெரில் ஊர்ப் பள்ளியின் பழைய தலைமை ஆசிரியை. ஐம்பத்தைந்து வயது க்ளைவ் இன்றைக்கும் அவரை "மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறார்.

நூறையும் முடித்தவர் பெயர், நாங்கள் கூடுகிற புல்வெளிப் பந்தாட்ட பவுல்ஸ் கிளப்பின் கௌரவப் பலகையில் தங்க எழுத்தில் ஏறும். கழகம் தொடங்கி முப்பது வருடத்தில் ஏறியது ஒரே பெயர், போன வருடம்தான், பெரிலுடையது. அடுத்தது நெவில். முதல் எண்பத்தாறைப் பார்க்க அவருக்குப் பத்தொன்பது வருடம் பிடித்தது. கண்ணைக் கட்டத் தொடங்கிய பிறகு மீதிப் பதினான்கையும் மூன்றே வருடத்தில் சாப்பிட்டுவிட்டார். அந்தப் பதினான்கும் பட்டியலிலேயே மோசமானவை. பிரகாசமான நட்சத்திரத்தை ஒட்டி ஒரு துளிப் புகைபோல இருக்கிறவை, நட்சத்திரத்தின் வெளிச்சத்திலேயே காணாமல் போகிறவை. நெவில் ஏணியில் ஏறுவார், பாவாடைக்குள் போவார், ஒரு நிமிடத்தில் "இருக்கு! ஜம்முனு இருக்கு!" என்று குரல் வரும்.

பிறகு நாங்கள் ஒவ்வொருவராக ஏறுவோம்.

"தெரியுதா க்ளைவ்?"

"ம்ம்... தெரியுது."

"நட்சத்திரத்தைச் சுத்தி வட்டமா?"

"ஆமா, வட்டமாத்தான்."

"பெரில்?"

பெரில் ஐந்து நிமிடம் பார்ப்பார். "தெரிகிறது" என்று பரீட்சைத் தாளில் கையெழுத்துப் போடுகிற குரலில் சொல்வார்.

"மர்ஃப்?"

"ஆஹா," என்பேன் நான். இதில் ஒளித்துப் பயனில்லை. கழகத்தில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. ஊருக்கே கண் பார்க்கிறவன் நான், 'எனக்குத் தெரியவில்லை' என்று எப்படிச் சொல்வது? கடைக்கு யார் வருவார்கள்? ஆஹா, ஓஹோ என்று சொல்லியே என் பட்டியலில் இருபத்துமூன்று சேர்த்திருந்தேன்.

பலகையில் எழுதுகிறவர் இந்தப் பக்கம் வருடத்துக்கு ஒரு தடவை, மார்ச் மாதத்தில்தான் வருவார். அவர் வந்தபோது நெவிலின் நூறாவது முடிந்திருந்ததால் பெயரைப் பலகையில் எழுத வைத்துவிட்டார்கள். விருந்து ஏப்ரலில், முழுநிலா சனிக்கிழமையில். எங்கள் விருந்தெல்லாம் முழுநிலாவில்தான் நடக்கும், அன்றைக்கு வானத்தில் வேறு உருப்படியான வேலை கிடையாது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நெவில் என் கடைக்கு வந்தார். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கக் கண் சோதனைத் தாளில் கையெழுத்து வேண்டும்.

"சீக்கிரம் போடு மர்ஃப். ரேலீன் வண்டியில உட்கார்ந்திருக்கா."

"துணியை அவுத்துடுங்க."

"மணி பதினொண்ணு! இப்ப அவுத்தா ராத்திரி வேலை கெட்டுடும்யா."

"இன்னிக்கு ராத்திரி மழை."

"மழை விட்டா?"

"நெவில், ரெண்டு கண்ணையும் பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன். நடந்தே வீட்டுக்குப் போறீங்களா?"

முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தார். இடது கண் லேசாக மங்கல், ஆனாலும் உரிமத்துக்குப் போதும். அதை மூடச் சொல்லிவிட்டு, "இப்ப சுவர்ல இருக்கிற எழுத்தைப் படிங்க" என்றேன்.

"எந்தச் சுவர்?"

"நேரா இருக்கிறது."

"அதுல எழுத்து இருக்கா? வேற யாருக்காவது தெரியுதா?"

விளக்கை அணைத்துவிட்டுப் பேனா டார்ச்சை எடுத்து அவருடைய அருமையான, மூன்று வருடம் பொத்திவைத்த வலது கண்ணில் அடித்தேன். எந்தச் சோதனையும் தேவையில்லாதபடி நடுவில் பால் உறைந்தாற்போல் புரை நின்றது.

நெவில் டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்தது.

"மர்ஃப், உன் டார்ச்சைச் சுத்தி ஒரு நெபுலா இருக்கு," என்றார். "ஜம்முனு, வட்டமா..."

சொன்னவர் வாயை மூடவில்லை. அந்த 'வட்டமா'விலேயே நின்றுவிட்டார். வெளியே ரேலீன் ஹாரன் அடித்தார்.

"எத்தனை நாளா இருக்கும் இது?" என்று கேட்டார் கடைசியில்.

"மூணு வருஷமாவது இருக்கும். கண்ணுல புரை இருந்தா எந்த வெளிச்சத்தைச் சுத்தியும் இப்படி வட்டம் தெரியும். பகல்ல இந்தக் கண்ணைத் திறந்திருந்தா என்னிக்கோ உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். பொத்தி வச்சீங்க, கண்டுபிடிக்க வழியில்லாம போச்சு. பயப்படாதீங்க, உள்ள வில்லையை மாத்திட்டா புதுக்கண்ணு மாதிரி ஆயிடும்."

அவர் எதுவும் கேட்காதவர்போல எழுந்து போனார். அரைமணியில் குறிப்பேட்டோடு திரும்பி வந்து என் மேஜைமேல் விரித்தார். பழைய எண்பத்தாறு படங்களும் எண்பத்தாறு மாதிரி இருந்தன. ஒன்று வால் மாதிரி, ஒன்று கிழிந்த துணி மாதிரி, ஒன்று வெறும் சந்தேகம் மாதிரி. கடைசிப் பதினான்கும் வட்டம். எல்லாம் ஒரே அளவு. பக்கத்தைப் புரட்டப் புரட்ட இட்லித் தட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"மத்த நட்சத்திரத்தைச் சுத்தியும் இப்படித் தெரியுதான்னு நீங்க பார்க்கவே இல்லையா?" என்றேன்.

"பார்த்தேனே! எல்லாத்தைச் சுத்தியும் இருந்துச்சு."

"அப்ப சந்தேகம் வரலையா?"

நெவில் சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். சிட்னியில் இருக்கும் ஒரு வானியல் பத்திரிகைக்கு முகவரி எழுதியிருந்தது. "அதெல்லாம் யாரும் கண்டுபிடிக்காததுன்னு நெனச்சேன்," என்றார். "ஏழு புது நெபுலா. ஒண்ணுக்கு ரேலீன் பேரு வச்சிருந்தேன்." பிறகு ஸ்டாம்பைப் பதமாக உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கவரை நான்காகக் கிழித்தார்.

சிரிப்பை அடக்க நான் மேஜைக்கு அடியில் பேனா தேடினேன். நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"நாப்பது வருஷம் லாரி ஓட்டினேன் மர்ஃப். இந்த ஊர்ல என் பேரு எழுதியிருந்த ஒரே இடம் அந்த லாரிக்குப் பின்னாலதான். வாங்கினவன் அதையும் அழிச்சுட்டு அவன் பேரை எழுதிக்கிட்டான். இப்பதான் தங்கத்துல எழுதியிருக்காங்க."

"எழுதினது எழுதினதாவே இருக்கட்டுமே," என்றேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது? "யாருக்குத் தெரியப் போகுது? கூடப் பார்த்தவங்க எல்லாம் தெரியுதுன்னுதானே சொன்னாங்க? பெரிலே சரின்னு சொல்லியாச்சு."

அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு நொடி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமால்ல? அவங்க கண்ணுல புரை இல்லையே?"

"இல்லை," என்றேன். நான்தானே எல்லோருக்கும் சோதித்தேன்.

"அப்ப நான் பார்த்தது நெஜம்தானோ? பதினாலுல ஒண்ணு ரெண்டாவது?" பிறகு மறுபடி சுருங்கிவிட்டார். "நான் பார்த்தேனா இல்லையான்னு எனக்கே தெரியலையே. அதைத்தான் தாங்க முடியலை."

சனிக்கிழமை வந்தது. வறுத்த கோழி, வேகவைத்த காய்கறி, அதற்குப் பிறகு பெரில் செய்த பாவ்லோவா என்ற கிரீம் கேக். பலகைக்குக் கீழே நெவில் டை கட்டி உட்கார்ந்திருந்தார், கண்ணில் துணி இல்லாமல். அதையே எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இரண்டு பெயர்களும் விளக்கில் பளபளத்தன. பெரில் பேசி முடித்து மைக்கைக் கொடுத்ததும், நெவில் நன்றிகூடச் சொல்லாமல் நேராக விஷயத்துக்குப் போனார்.

"எனக்கு வலது கண்ணுல புரை. மூணு வருஷமா இருக்காம். கடைசிப் பதினாலும் நான் பார்க்கலை. என் கண்ணுல இருந்த புரையைத்தான் பார்த்தேன். உங்களையெல்லாம் ஏணில ஏத்தி அதைப் பார்க்க வச்சேன். மன்னிச்சுக்கோங்க. அந்தப் பேரை அழிச்சுடுங்க."

உட்கார்ந்தார்.

முதலில் பேசியது ரேலீன்தான். "மூணு வருஷமா இந்த அரைக் குருடனுக்காக இருட்டுல சமைச்சேனா நான்?"

ஆனால் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் மேசையில் பதினோரு பேர் பதினோரு விதமாகத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். நெவிலுக்குப் புரை. சரி. எங்களுக்கு என்ன வந்தது? அவர் கண்ணுக்குள் இருந்ததை நாங்கள் எப்படிப் பார்த்தோம்? அதுவும் வட்டமாக?

க்ளைவ் தொண்டையைச் செருமினார். "மிஸ்," என்றார்.

"என்ன க்ளைவ்?"

"பென்சில் வச்சிருக்கீங்களா? எதிர்ப்பக்கம் ரப்பர் இருக்கிறது?"

பெரில் கைப்பையைத் திறந்து பென்சிலை நீட்டினார். க்ளைவ் கழகத்தின் பதிவேட்டை இழுத்து, தன் பெயருக்கு நேரே ஆறு இடத்தை அழித்தார். அழித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளினார். அவர் நான்கு. அடுத்தவர் ஒன்பது. பதிவேடு ஜெபக் கூட்டத்தில் காணிக்கைத் தட்டுப் போவதுபோல் மேசையைச் சுற்றி வந்தது. ரப்பர் பாதியாகிவிட்டது.

என்னிடம் வந்தது. நான் அழிக்க ஆரம்பித்தேன். அழித்துக்கொண்டே இருந்தேன். க்ளைவ் எட்டிப் பார்த்தார்.

"மர்ஃப், நீ இன்னும் முடிக்கலையா?"

"இருபத்துமூணும்யா," என்றேன்.

"எல்லாமேவா?"

"எல்லாமே. எனக்கு இதுவரைக்கும் ஒரு கண்றாவியும் தெரிஞ்சதில்லை."

"நீ கண் டாக்டர்!"

"அதனாலதானே சொல்லலை!"

அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. எண்பது பேரும் சிரித்தார்கள். ரேலீன் மேசையைத் தட்டினார். மறுநாளே கடைக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று பயந்தேன். மாறாக, என்னைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே அந்த மாதம் கூட்டம் கூடியது.

சிரிப்பு அடங்கியதும் பெரில் எழுந்தார். அவர் சிரிக்கவில்லை. "எனக்கு ஒன்பது," என்றார். "ஒன்பதும் உன் வீட்டுப் பின்கட்டில் பார்த்தவை, நெவில். நீ இருக்குன்னு சொன்னே. என் கண்ணுதான் மங்கிப்போச்சுன்னு நெனச்சேன். பசங்க எத்தனை பேரைக் காப்பி அடிச்சதுக்கு முட்டி போட வச்சிருக்கேன் நான்." க்ளைவ் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். பெரில் பார்க்காரரிடம் ஒட்டும் டேப் வாங்கி வந்து, நாற்காலியில் ஏறி, முதலில் தன் பெயர்மேல் ஒட்டினார். பிறகு நெவிலின் பெயர்மேல் ஒட்டினார்.

அன்றைக்கு நெவில் பாவ்லோவா மூன்று துண்டு சாப்பிட்டார் என்றாலும், வீட்டுக்குப் போகும்போது அவர் தோள் தொங்கிப்போயிருந்ததைப் பார்த்தேன். எனக்கு அது பொறுக்கவில்லை.

ஜூலையில் கண் அறுவை சிகிச்சை நடந்தது. முதல் வாரமே நெவில் எனக்குப் போன் செய்தார். "ரேலீனுக்கு முடி நரைச்சிருக்கு மர்ஃப்! யாருமே என்கிட்ட சொல்லலை!" பின்னாலிருந்து ரேலீன் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

பதினான்கையும் அவர் முதலிலிருந்து தொடங்கினார். இப்போது ஒரு நிமிடத்தில் "ஜம்முனு இருக்கு" இல்லை. ஒன்றுக்கு நான்கு இரவு, ஐந்து இரவு. நட்சத்திரம் ஊசி முனைபோலக் கூர்மையாக நிற்கும், சுற்றி ஒன்றும் இருக்காது. பனியில் நடுங்கிக்கொண்டு ஓரமாகப் பார்த்துப் பார்த்து, அடுத்த மார்ச்சுக்குள் பதின்மூன்று தேறியது. கூடப் பார்க்கிறவர் சந்தேகப்பட்டால் அவரே "வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம்" என்று இறங்கிவிடுவார். பதின்மூன்றில் ஒன்றுகூட வட்டமில்லை.

மிச்சம், பட்டியலில் எண் அறுபத்தொன்று. கரீனா விண்மீன் கூட்டத்தின் பக்கம் ஒரு சிவப்பு நட்சத்திரத்தை ஒட்டியிருப்பது. மார்ச்சில்தான் அது இரவின் முதல் பாதியில் உச்சிக்கு வரும். அந்த மாதமே பலகையில் எழுதுகிறவரும் வருவார்.

அமாவாசை சனிக்கிழமை எல்லோரும் நெவில் வீட்டுப் பின்கட்டில் கூடினோம். ரேலீன் சிவப்பு விளக்கில் லாமிங்டன் கேக் கொண்டுவந்தார். தூவியிருந்தது தேங்காய்த்தூளா வேறு ஏதாவதா என்று க்ளைவ் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார். நெவில் நாற்பது நிமிடம் பாவாடைக்குள் இருந்தார். இறங்கினார். மடியில் அட்டையை வைத்து ஏதோ வரைந்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன, தெரிஞ்சுதா?" என்றார் பெரில்.

"நீங்க பாருங்க முதல்ல."

பெரில் ஏறினார். "எனக்கு ஒண்ணும் தெரியலை," என்றார் உரக்க.

க்ளைவ் ஏறினார். "ஒண்ணுமே இல்லை மிஸ்! சுத்தமா இல்லை!" சந்தோஷமாகக் கத்தினார். அந்த விருந்துக்குப் பிறகு எங்கள் கழகத்தில் 'தெரியலை' என்று சொல்வது ஒரு கொண்டாட்டமாகவே ஆகிவிட்டிருந்தது. ஒவ்வொருவராக ஏறி, ஒவ்வொருவராக ஒன்றும் தெரியாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு 'தெரியலை'க்கும் நெவிலின் கை சட்டைப்பையைத் தொட்டதை நான் மட்டும் கவனித்தேன். மனிதர் எதையோ பார்த்திருக்கிறார். சொல்ல வாய் வரவில்லை. ஒரு முறை ஏமாற்றிய கண்ணை எப்படி நம்புவது?

"மர்ஃப் மிச்சம்," என்றார் ரேலீன்.

"அவன் எதுக்கு? அவனுக்குச் சூரியனே தெரியாது," என்றார் க்ளைவ்.

நான் ஏறினேன். பாவாடையைப் போர்த்திக்கொண்டேன். சிவப்பு நட்சத்திரம், சுற்றிலும் கறுப்பு. பத்து நிமிடம் பார்த்தேன். நேராக, ஓரமாக, மேலே, கீழே. ஒன்றுமில்லை. கால் மரத்துப்போய் ஒரு படி கீழே இறங்கப் பார்த்தேன். பாவாடை நாடா காலில் மாட்டிக்கொண்டது. தடுமாறித் தொலைநோக்கிக் குழாயில் நெற்றியால் முட்டினேன்.

"அடேய், என் கண்ணாடி!" என்று நெவில் அலறினார்.

நெற்றி வலித்தாலும் கண்ணை எடுக்கவில்லை. முட்டிய வேகத்தில் வானம் முழுதும் கிடுகிடுவென்று ஆடியது. நட்சத்திரம் ஆடியது. அதோடு சேர்ந்து, அதன் இடது கீழ்ப்பக்கத்தில், இன்னொன்றும் ஆடியது. சாம்பல் நிறம். விசிறி மாதிரி விரிந்து, ஒரு ஓரம் மட்டும் கத்தியால் நறுக்கினாற்போல். ஆட்டம் நின்றதும் அது போய்விட்டது. குழாயை விரலால் தட்டினேன். திரும்பவும் வந்தது.

அசையாமல் நிற்கிற மங்கலைக் கண் விட்டுவிடும், அசைந்தால் பிடித்துக்கொள்ளும். இதை நான் கல்லூரியிலேயே படித்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவையும் குழாயைத் தட்டிப் பார்க்கத் தோன்றியதில்லை.

"பெரில்," என்றேன். என் குரல் எனக்கே விநோதமாக இருந்தது. "தாள் குடுங்க."

"மர்ஃப், திரும்பவும் ஆரம்பிக்காதே."

"தாள் குடுங்க பெரில்."

வரைந்தேன். எனக்குப் படம் வராது. ஒரு புள்ளி, இடது கீழே ஒரு விசிறி, ஒரு பக்கம் வெட்டு. பெரில் அதை வாங்கிச் சிவப்பு விளக்கில் பார்த்தார். பிறகு நெவில் பக்கம் கையை நீட்டினார்.

"உன்னோடதைக் குடு."

"வேண்டாம். அது சும்மா. எனக்கு நிச்சயமில்லை."

"நெவில்."

"கிழிச்சுடலாம்னு இருந்தேன்."

ரேலீன் நடந்து வந்து, கேட்காமலே அவர் சட்டைப்பையில் கையை விட்டுத் தாளை எடுத்துப் பெரிலிடம் கொடுத்தார். பெரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். எல்லோரும் தலையை நீட்டினோம். புள்ளி. இடது கீழே விசிறி. ஒரு பக்கம் வெட்டு. நெவில் வரைந்தது அழகாக இருந்தது, நான் வரைந்தது கோழி கிளறினாற்போல் இருந்தது. ஆனால் இரண்டும் ஒன்றுதான்.

"மர்ஃப், பொய் சொல்லாம சொல்லு," என்றார் நெவில். "என் தாளை நீ பார்க்கலைல?"

"சத்தியமா இல்லை."

"என் சந்தோஷத்துக்காகச் சொல்லலைல?"

"இல்லைய்யா. நெத்தியைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு."

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கே தெரிஞ்சிருக்குன்னா," என்றார், "அப்ப நான் பார்த்தேன்."